மதம் அல்ல என்று ஒரு கடிதம்

பங்கு அலுவலகத்தில் இருந்தவர்கள்: பங்குத்தந்தை. பங்குப் பேரவைத் துணைத்தலைவர் அருளப்பன் சார். கட்சியின் வட்டாரச் செயலாளர் வேலப்பன். கதவோரம் சாவிக்கொத்துடன், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை. அவள்.

அவளுடைய கணவர் பத்றோஸ் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். முந்தின நாள் காலையில் இறந்தவர். மார்பின் மேல் செங்கொடி.

பங்குத்தந்தை அடக்க விதியை ஒருமுறை வாசித்தார். வேறு மதத்தைத் தழுவியவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை.

கோயிலுக்கு வராமல் இருந்தால் பரவாயில்லை. குடிகாரனுக்கு இடமுண்டு. பெண்டாட்டியை அடித்தவனுக்கும் உண்டு. வேறு மதத்துக்குப் போயிருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பத்றோஸ் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். நாற்பது வருடம் கட்சியில் இருந்தார்.

"அதுவும் ஒரு மதந்தான்" என்றார் அருளப்பன் சார்.

வேலப்பன் செருப்போடு உட்கார்ந்திருந்தார். கோயில் சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் செருப்பைக் கழற்றுவதில்லை என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.

அவளுக்கு இந்தப் பேச்சில் அக்கறையில்லை.

கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில் மகள் கிடக்கிறாள். ஒன்பது வயதில் போனவள். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஜெனோவா. அப்பாவுக்கு ஜென்னி. அவள் பக்கத்தில் ஆறடி காலியாக இருக்கிறது.

அவரை அங்கே வைக்க வேண்டும்.

மகளை அடக்கிய அன்று அவர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றார். கம்பி வழியாகப் பார்த்தார்.

அருளப்பன் சார் விரல் மடக்கத் தொடங்கினார்.

"ஞாயித்துக்கிழமை காலையில எங்க போவாரு?"

"கட்சி வகுப்புக்கு" என்றார் வேலப்பன்.

"கல்யாணம் எங்க நடந்துது?"

"கட்சி ஆபீஸ்ல."

"வருசா வருசம் செத்தவங்க படத்துக்கு மாலை போட்டு விறைச்சுக்கிட்டு நிக்கியளே, அது?"

"அது அஞ்சலி."

"உங்க ஆளு ஒருத்தர நூறு வருசமாக் கண்ணாடிப் பெட்டியில வச்சு, ஊரே வரிசையில நின்னு பாக்கே. அதுவும் அஞ்சலிதானா தோழரே?"

"உங்க ஆளு ஒருத்தரு கோவாவுல பெட்டியில கெடக்காருல்லா சார். பத்து வருசத்துக்கு ஒருக்க நீங்களும் பஸ் பிடிச்சுப் போய் நிக்கிய."

கோயில்பிள்ளை சிரித்துவிட்டார். பிறகு சாவிக்கொத்தைக் குனிந்து பார்த்தார்.

பங்குத்தந்தை சிரிக்கவில்லை. அவளை விட இருபது வயது இளையவர். அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. கூட வாழ்ந்தது நீங்க. அவரு எதையாவது கும்பிட்டு, வேண்டிக்கிட்டுப் பாத்திருக்கீங்களா?"

ஜென்னியின் கடைசி வாரம். காய்ச்சல் இறங்கவே இல்லை.

அவள் தன் ஜெபமாலையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். விரிப்பை மாற்றும்போது பக்கத்தில் ஒரு துணி இருந்தது. சிவப்பு. நான்காக மடித்தது.

எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் இரண்டும் ஒரே தலையணைக்கு அடியில் கிடந்தன.

இரண்டும் உதவவில்லை.

"இல்ல சாமி" என்றாள்.

அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யை ஒப்புக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கும். சொல்லப்போவதில்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது.

கட்சியிடமிருந்து ஒரு கடிதம் இருந்தால் நல்லது என்றார் பங்குத்தந்தை.

வேலப்பன் தாள் வாங்கி எழுதினார். மறைந்த தோழர் பத்றோஸ் உறுப்பினராக இருந்தது ஓர் அரசியல் அமைப்பில். அது மதம் அல்ல.

எத்தனையோ மேடையில் தொண்டை கிழியச் சொன்ன வாக்கியம். எழுத ஒரு நிமிடம் ஆகவில்லை. கையெழுத்துப் போடத்தான் நேரம் பிடித்தது.

அருளப்பன் சார் இரண்டு முறை படித்தார். நிபந்தனைகளைச் சொன்னார். கொடி கூடாது. கோஷம் கூடாது. உள்ளே குடும்பத்தார் மட்டும். அடக்கம் முடிகிறவரை கேட் பூட்டியிருக்கும்.

வீட்டில் வேலப்பன் கொடியை எடுத்தார். ஒரு முனை நழுவித் தரையில் படப் போனது. பதறிப்போய்ப் பிடித்தார்.

நான்காக மடித்தார்.

அவள் கையை நீட்டினாள். கொடுத்தார்.

சவப்பெட்டிக்குள் சின்னதாக ஒரு வெள்ளைத் தலையணை. அவள் கணவர் தலையைத் தூக்கி, மடித்த துணியைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

வேலப்பன் மட்டும் பார்த்தார்.

மூன்று மணிக்குப் பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குள் போனது. கட்சிக்காரர்கள் அறுபது எழுபது பேர் சாலையிலேயே நின்றார்கள். வெறுங்கையோடு. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

வேலப்பன் புளியமரத்தடியில் நின்றார்.

உள்ளே போனவள் அதைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"மதம் இல்லேன்னு எழுதியாச்சுல்லா தோழர். பொறவென்ன? உள்ள வாங்க."

"குடும்பம் மட்டுந்தான்மா" என்றார் கோயில்பிள்ளை.

அவள் கேட்டைச் சாத்த விடவில்லை. கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேலப்பன் சாலையில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் இவரைப் பார்த்தார்கள்.

பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து மரத்தடியில் வைத்தார். வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

கோயில்பிள்ளை அவருக்குப் பின்னால் கேட்டைச் சாத்திப் பூட்டினார்.