பட்டம் பறக்கவிட்ட மனிதர்

டென்மார்க்கின் ரிங்கோபிங் வளைகுடாவில் காற்று பட்டத்தைச் சுண்டி இழுத்தது. அதன் கயிற்றைப் பிடித்தபடி சறுக்குப் பலகையில் ஏறப்போன வழுக்கைத்தலை மனிதர் குப்புறத் தண்ணீரில் விழுந்தார்.

கரை பெஞ்சில் இருந்த பிர்த்தே கடகடவென்று சிரித்தாள். “ஐம்பது வயசுல கைட் சர்ஃபிங் கேக்குது! பட்டம்தான் இவரைப் பறக்கவிடுது பாரும்மா” என்றாள், பிளாஸ்க்கோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த இளம்பெண்ணிடம்.

“இன்னிக்குப் பரவாயில்லைங்க. நேத்து மணல்ல இழுத்துட்டே போயிடுச்சு.”

“நேத்தும் பார்த்தேனே! சாக்குமூட்டை மாதிரி போனார்.”

அவர் மறுபடி விழுந்தார். இருமிக்கொண்டே எழுந்து பலகையைத் தேடினார்.

“கொஞ்சமாவது வெட்கம் இருக்கா? எதுக்கு இந்த ஆளுக்கு இந்த வேலை?”

இளம்பெண்ணின் முகம் சிவந்தது. “எனக்காகத்தாங்க. அவருக்குத் தண்ணின்னாலே பயம். எனக்குக் கடல்னா உயிர். அதனால கத்துக்கறார். அடுத்த மாசம் எங்களுக்குக் கல்யாணம்.”

பிர்த்தேயின் சிரிப்பு நின்றது.

அந்த நேரம் பார்த்து அவர் பலகைமேல் எழுந்து நின்று, தள்ளாடியபடியே கொஞ்ச தூரம் சறுக்கினார். இளம்பெண் கைதட்டிக்கொண்டே தண்ணீரை நோக்கி ஓடினாள்.

பிர்த்தே கோட்டுக் காலரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த மனிதரோடு குடும்பம் நடத்திய இருபது வருஷத்தில், அவள் எவ்வளவு கெஞ்சியும், அவர் ஒருநாள்கூடக் கடலில் கால் நனைத்ததில்லை.