பெல்ட்டில் புது ஓட்டை

பெல்ட்டில் ஆணி அடித்துப் போட்ட புது ஓட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு முதலாளியின் அறைக்குள் நுழைந்தேன். கதவு நிலையில் இடிக்காமல் நான் உள்ளே போனது, இந்த நாற்காலிக் கடையில் சேர்ந்த பிறகு இதுதான் முதல் தடவை.

எல்லாம் என் மனைவியின் கைங்கரியம். மேனேஜர் வேலை காலி என்று தெரிந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"குண்டா இருக்கறவங்களுக்கு எங்கேயும் சம்பளம் கம்மிதானாம். பேப்பர்ல போட்டிருக்கு. இன்னும் எத்தனை நாளைக்குங்க எங்க அண்ணன் வீட்டு மாடியிலயே இருக்கறது?"

மச்சான் வீட்டு மாடி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஊரில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்ப்பார்கள். நான் வயிற்றையே கரைத்தேன். வெள்ளரிக்காயும் வெந்நீரும் என் யானைப் பசியைப் பார்த்துப் பயந்தே போயின.

போட்டிக்கு இருந்தவன் பில் போடும் ஒல்லிக்குச்சி. ஊதினால் பறந்துவிடுவான். அவனை முதலாளி ஒரு நாளும் கேலி செய்ததில்லை.

என்னைத்தான், வாடிக்கையாளர்கள் நாற்காலியைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தயங்கும்போதெல்லாம், "கொஞ்சம் இதுல வந்து உட்காருய்யா" என்று கூப்பிடுவார். நான் தொப்பென்று உட்காருவேன். அவர்கள் சிரித்துக்கொண்டே பணம் கட்டிவிட்டுப் போவார்கள். வயிற்றுப்பாட்டுக்காக வந்த இடத்தில் வயிறே வேடிக்கையாகிவிட்டதே என்று எனக்கு அழுகையாக வரும்.

மகள் வீட்டுக்குப் போயிருந்த முதலாளி மூன்று மாதம் கழித்து இன்றுதான் திரும்பியிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யாருய்யா நீ?"

"நான்தான் முதலாளி, குண்டு!" பெல்ட்டைத் தட்டிக் காட்டினேன். "பாதியாக் குறைச்சிட்டேன். இனிமே என்னைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டாங்க."

"அப்படியா?" குரலில் சுரத்தே இல்லை. "உன்னைத்தான்யா மேனேஜராப் போடணும்னு ஊர்லேர்ந்து வர்றப்பவே முடிவு பண்ணினேன். சம்பளம் ரெட்டிப்பு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனசுக்குள் மச்சான் வீட்டு மாடிப்படியை இறங்கியே விட்டேன்.

அவர் எழுந்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பெரிய விளம்பரப் பலகையைத் திருப்பினார். அதில் பழைய நான், நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தேன். மேலே கொட்டை எழுத்தில், 'இவரையே தாங்கும்!'

"யாரைக் கேட்டுய்யா இளைச்சே?"