மணிக்கட்டில் கட்டிய கயிறு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பந்தய வண்டியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

மண் தடத்தில் ஓடும் அந்தப் பந்தய மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. அதனால் ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை என்ஜின் சுவிட்சில் செருகிவிடுவார்கள். அவர் விழுந்தால் கயிறு சுவிட்சிலிருந்து கழன்றுவிடும், என்ஜினும் நின்றுவிடும்.

சேவியர் வாலிபத்திலிருந்தே ஓட்டியவர். அவருக்கு எத்தனையோ என்ஜின்கள் மாறின. கயிறு மட்டும் பழையது.

"ஏம்மா, இத்தனை வருஷமா என்னதான் செய்கிறாய்?" என்று புது என்ஜின் கேட்டது.

"அவர் விழும்போது நிறுத்துவேன் அண்ணே."

"அப்படியென்றால் அவர் தோற்றதெல்லாம் உன்னால்தான்."

கயிற்றுக்கு அது சுருக்கென்று தைத்தது. இனி கழலுவதில்லை என்று முடிவு செய்துகொண்டது.

சேவியரின் கடைசிப் பந்தயம் வந்தது. அவர்தான் முன்னால் போனார். கடைசி வளைவில் பின்சக்கரம் சறுக்கி அவர் விழுந்தார்.

"விடாதே, எல்லைக்கோடு இதோ இருக்கிறது," என்றது என்ஜின்.

கயிறு விடவில்லை. வண்டி அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனது. சுழலும் சக்கரம் அவர் முகத்துக்கு அருகே வந்தது. கயிறு சட்டென்று கழன்றது. என்ஜின் நின்றது. மற்ற வண்டிகள் தாண்டிப் போயின.

"கெடுத்தாயே," என்றது என்ஜின்.

கயிறு, நாடி துடித்துக்கொண்டிருந்த மணிக்கட்டை ஒட்டிப் படுத்துக்கொண்டது.