வேலியைத் தாண்டக் கூடாது

"டேங்க்கிலிருந்து கால்வாயில இறங்கிடுச்சு, சீக்கிரம்!" என்று வயர்லெஸ் அலறியது.

லூசியானா எண்ணெய்க் கிடங்கின் புதிய மேலாளர் ஒடீல், படகில் பாய்ந்து, கால்வாயின் குறுக்கே, எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவை வேலியை இழுத்துக் கட்டினாள். கரையில் அரசு அதிகாரி கண்கொத்திப் பாம்பாக நின்றார். பக்கத்தில் அவளுடைய அப்பா யூலிஸ், முன்னாள் மேலாளர், சர்ச்சுக்குப் போகும் கோட்டோடு விறைத்து நின்றார்.

"என் காலத்துல எதுவும் வேலியைத் தாண்டினதில்ல. நம்ம தெரியோ குடும்பத்து மானத்தை வாங்கிடாதே."

"சும்மா இருங்கப்பா. உங்க அதட்டலுக்கே வேலி அறுந்துடும்."

வேலி ஆடியது. அதன் ஓரமாக ஒன்று நழுவி அந்தப் பக்கம் போனதை ஒடீல் பார்த்துவிட்டாள். முதல் சோதனையிலேயே தோல்வியா?

அதிகாரி திரும்புவதற்குள் யூலிஸ் கோட்டோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"பெரியவரே, வேலிக்கு அந்தப் பக்கம் என்ன எடுத்தீங்க?"

யூலிஸால் பேச முடியவில்லை. வாய் நிறைய கமலா ஆரஞ்சு. ஒத்திகை நாளில் எண்ணெய்க்குப் பதிலாக மிதக்கவிடுவது அதைத்தான்.

"தோலாவது எங்க?"

மென்று விழுங்கினார். "அதுவும் உள்ளதான்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "சரி, எதுவும் தாண்டல."

ஒடீல் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.