மடியில் கேக்

“கண்காட்சி மைதானத்துக்கு விடும்மா. பதினோரு மணிக்குள்ள போயாகணும்” என்றபடி நெவில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மோவாய் வரை உயர்ந்த அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்திருந்ததால், ஏறும்போது காரின் கூரையைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை.

பெட்டிக்குள் இருந்தது ஸ்பாஞ்ச் கேக். விவசாயக் கண்காட்சியின் கேக் போட்டியில் ஒன்பது வருடமாக டோரீனுக்குத்தான் முதல் பரிசு, நெவிலுக்கு இரண்டாவது. இந்த வருடம் கேக் உப்பி வந்த அழகைப் பார்த்து, மனிதர் சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடியே விட்டார். ஆனால் பதினோரு மணி அடித்துவிட்டால் பிரதமர் சுட்ட கேக்கானாலும் மேசையில் ஏற்ற மாட்டார்கள்.

அவருடைய சொந்தக் கார் காலையில் காலை வாரிவிட்டது. முதல் நாள் விளக்கை அணைக்க மறந்ததில் பேட்டரி செத்துக் கிடந்தது. முப்பது வருடம் டயர் கடை நடத்தியவருக்கு இதைவிட மானக்கேடு வேறில்லை.

டாக்சிக்குப் போன் போட்டுவிட்டுத் தெருமுனைக்கு வந்தார். அரசாங்க ஆபீஸ் வாசலில் ஒரு வெள்ளைக் கார் எஞ்சின் ஓட நின்றது. அந்த ஊரில் டாக்சியில் தனியாகப் போகிறவர் பின் சீட்டில் உட்கார்ந்தால், ‘பெரிய துரை வந்துட்டாரு’ என்று பத்து நாள் சிரிப்பார்கள். அதனால் நேராக முன் கதவைத்தான் திறந்தார்.

ஸ்டியரிங் பிடித்திருந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், மூன்று கண்ணாடிகளையும் பார்த்தாள், தோளுக்கு மேல் திரும்பியும் பார்த்தாள். அப்புறம்தான் வண்டி நகர்ந்தது.

“ரவுண்டானாவில இடது பக்கம் திரும்பு.”

“சரிங்க சார்.”

நெவில் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மேயரையே பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர் அது.

“என்னம்மா, புதுசா?”

“இப்பதான் பழகிட்டு வர்றேன் சார்.”

“சரி, கொஞ்சம் மிதி. மணி பத்து நாப்பது.”

“இந்த ரோட்டுல அம்பதுதான் சார். நீங்களே சொன்னாலும் மீற மாட்டேன்.”

முன்னும் பின்னும் ஈ காக்கை இல்லாத முச்சந்தியில் வண்டியை நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். நெவிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேக் இம்மியும் அசையவில்லை என்பதை அவர் கவனிக்காமல் இல்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவர் மடியில் இருந்ததோ கனமே இல்லாத கேக், அதுதான் பயம்.

மாதா கோயில் மேட்டில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. அவள் முகம் வெளிறிவிட்டது.

“போச்சு” என்றாள், அழுதுவிடுவாள் போல.

“என்ன போச்சு? எல்லாருக்கும் நடக்கறதுதான். கைப்பிரேக்கைப் போடு. கிளட்சை முழுசா மிதிச்சு ஸ்டார்ட் பண்ணு. இப்ப ஆக்சிலேட்டரைக் கொஞ்சமா குடுத்துக்கிட்டே கிளட்சை மெதுவா விடு. வண்டி லேசா மூக்கைத் தூக்கும் பாரு, அப்ப கைப்பிரேக்கை எடு.”

ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் வண்டி மேடேறியது. அவள் கண் கலங்கிவிட்டது.

“உங்கள மாதிரி ஒருத்தரை நான் பாத்ததே இல்ல சார். மத்தவங்கல்லாம் இந்நேரம் உதட்டைப் பிதுக்கியிருப்பாங்க.”

டயர் கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில், எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்பை நெருங்குவதைப் பார்த்ததும், “ஹீட்டரை முழுசா திருப்பு, எஞ்சின் சூடு இறங்கிடும்” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கேக்குக்கு நடுவே அரை லிட்டர் க்ரீம் இருப்பது ஞாபகம் வந்தது.

அனல் காற்று நேராகப் பெட்டியில் அடித்தது. ஹீட்டரை அணைத்தால் எஞ்சின் போகும், எஞ்சின் போனால் போட்டியும் போகும். ஜன்னலை இறக்கிப் பெட்டியை வெளியே நீட்டினார்.

“சார், ஓடுற வண்டியிலேர்ந்து கையை வெளிய நீட்டறது குத்தம். உள்ள எடுக்கலேன்னா ஓரங்கட்டிடுவேன்.”

“க்ரீம் உருகுதும்மா.”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்.”

வேறு வழியில்லாமல் தொப்பியைக் கழற்றித் தன் பக்கத்துக் காற்றுத்துளையில் திணித்தார். பெட்டியின் மூடியைத் திறந்து, பச்சைப்பிள்ளைக்குப் பால் ஆற்றுவதுபோல் வழியெல்லாம் ஊதிக்கொண்டே வந்தார்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. மைதான வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவே பின்னால் எடுத்து, ஒரே மூச்சில், நூல் பிடித்த மாதிரி நிறுத்தினாள். கேக்கில் ஒரு கீறல் இல்லை, க்ரீம் வைத்த இடத்தில் அப்படியே நின்றது. நெவிலுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

“நானும் முப்பது வருஷமா பாக்கறேன், இந்த ஊர்ல ஒருத்தரும் இவ்வளவு அழகா ஓட்டினதில்ல” என்று சொல்லி ஐம்பது டாலர் நோட்டை நீட்டினார். “இந்தா, மிச்சத்தை நீயே வச்சுக்க.”

நோட்டைப் பார்த்ததும் அவள் பாம்பைக் கண்டவள்போலக் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

“காசெல்லாம் நான் தொட மாட்டேன் சார். டெஸ்ட்டுக்கு வர்றது இது நாலாவது தடவை. பாஸா, ஃபெயிலா, அதை மட்டும் சொல்லுங்க.”