படிவத்தின் கடைசி வரி

அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு தனியாகத் தேறிவந்த ரோஸ்விதா, வீட்டு வேலைக்கு வந்த டோர்ட்டே, எதிர்வீட்டு கெர்லிந்தே.

இந்த வாரம் மாடிப்படி பெருக்குவது யார் முறை என்று காட்டும் பலகையை ரோஸ்விதாவின் கதவில் மாட்டிவிட்டுத்தான் கெர்லிந்தே உள்ளே வந்தாள். ஸ்டுட்கார்ட்டில் ஆபரேஷனுக்காக மாடிப்படி காத்திருக்காது.

"இந்த வாரம் உங்க முறை. ஆள்தான் வந்தாச்சே?"

"இன்ஷூரன்ஸ் வீட்டுக்குள்ள செய்யற வேலைக்குத்தான் காசு தரும். படி அதுல வராது," என்றாள் டோர்ட்டே.

"ரோஸ்விதா, உங்களுக்கு ஒரு பொண்ணு உண்டாமே. அவ வந்து பெருக்கக் கூடாதா?"

"எனக்குப் பொண்ணு கிடையாது."

கெர்லிந்தே போனதும், காசு வர இன்ஷூரன்ஸுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை டோர்ட்டே நீட்டினாள். ரோஸ்விதா கடைசி வரியைப் படித்தாள்: 'உதவிக்கு வருபவர் எனக்கு ரத்த உறவு இல்லை.' பேனா நின்றது.

"பொய்க்குக் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை."

"அப்பா என்னை அடிச்சதைப் போலீஸ்ல சொன்னேன்னு, 'எனக்குப் பொண்ணே இல்லை'ன்னு கதவைச் சாத்தினீங்க. பதினோரு வருஷமா அதைத்தானே சொல்றீங்க? இதுல என்ன பொய்?"

ரோஸ்விதா கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போயேன்."

"ரெண்டு மணி நேரம் முடிஞ்சுது, மேடம்."

போகும்போது டோர்ட்டே மாடிப்படியைப் பெருக்கிவிட்டுப் போனாள். அதைப் பார்த்த கெர்லிந்தே, ரோஸ்விதாவின் மகள் திரும்பி வந்துவிட்டாள் என்று கட்டடம் முழுக்கச் சொன்னாள்.

அது உண்மையில்லை. வந்தது இன்ஷூரன்ஸ் ஆள். கையெழுத்து இருக்கிறது.