ஒரு பேரும் விடாமல்

ஜெபப் பாட்டு முடிந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதபுத்தகத்தைத் திறந்தார். முதலாம் நாளாகமம், இரண்டாம் அதிகாரம்.

போச்சு. இன்றோடு சேர்த்து இன்னும் எட்டு நாளைக்கு வெறும் பேர்தான். இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருத்தனைப் பெற்றான்.

சபையில் பாதிப் பேர் இந்த இடம் வந்தால் தாவிவிடுவார்கள். பாஸ்டரம்மாவே தாவுவார் என்று ஒரு பேச்சு உண்டு.

இவர் தாவுகிற ஆளா? மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் கம்பம் ஏறியவர். நாளுக்கு ஒரு அதிகாரம்; கடைசிப் புத்தகம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. காய்ச்சல் என்றாலும், கல்யாண வீடு என்றாலும் அதில் மாற்றம் கிடையாது. நாக்கு சுளுக்கிக்கொள்கிற பேரையெல்லாம் எழுத்துக்கூட்டி, திரும்பச் சொல்லி, சரியாக வந்த பிறகுதான் அடுத்த பேருக்குப் போவார்.

ஜெபத்தில் மட்டும் ஒரு பேரை விட்டுவிடுவார்.

மஸ்கட்டில் இருக்கிற மகன் ஆல்வின் வருவான். சென்னையில் இருக்கிற மகள் பியூலா, அவள் மாப்பிள்ளை, அவள் பிள்ளைகள் ரெண்டு பேரும் வருவார்கள். எதிர்வீட்டு ஞானதாசின் மூட்டுவலி வரைக்கும் ஆண்டவர் காதில் போட்டுவிடுவார்.

மூத்தவள் கிறிஸ்டில்டா மட்டும் வரமாட்டாள்.

ஏழு வருஷம் ஆகிறது. கூட வேலை பார்த்த இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். போன அன்று சாயங்காலமும் இந்த வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தது. அவர் பிள்ளைகளின் பேரைச் சொன்னார். முதல் பேர் வர வேண்டிய இடத்தில் இரண்டாவது பேர் வந்தது.

பெற்றவள் கண்ணை மூடியபடியே அழுதாள். அழுதுகொண்டே ஆமென் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் இதே பாடுதான். ‘பிள்ளைகளை ஆசீர்வதியும்’ என்று அவர் தொடங்கும்போது அவளுக்கு மூச்சு நிற்கும். ஆல்வின் என்றதும் மூச்சு இறங்கும். சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று எழுந்து போய் இட்லிமாவைக் கரைப்பாள்.

வேதத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள். தினமும் வாசிக்கிற மனுஷன், கல்லா என்ன, ஒருநாள் இளகாமலா போவார்? காணாமற்போன மகனின் கதை வந்தது. திரும்பி வந்த பிள்ளையைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற இடத்தைக் கணீரென்று வாசித்தார். புத்தகத்தை மூடினார். ஆல்வின் என்றார்.

போன சுற்றில் இதே நாளாகமம் வந்தபோது பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

“ஏங்க, இத்தன பேரும் நமக்கு யாரு? தாண்டிப் போனாத்தான் என்ன?”

“ஆண்டவர் எழுதி வச்ச பேரு. விடுறதுக்கு நான் யாரு?”

அவள் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

காலையில் அவர் பால் வாங்கப் போகிற கால்மணி நேரத்தில் மகளோடு போனில் பேசுவாள். போன ஈஸ்டருக்கு முந்தின வாரம் பேத்தி பிறந்தாள். போட்டோ வந்தது. ஆசை தீரப் பார்த்துவிட்டு, தீராமலே அழித்தாள்.

இன்றைக்கு யூதாவின் வம்சம். கிளை, கிளைக்குள் கிளை என்று போய்க்கொண்டே இருந்தது.

நடுவில் குரல் நின்றது.

பேர்தான் கஷ்டமோ என்று நிமிர்ந்து பார்த்தாள். அப்படியில்லை.

சேசான் என்று ஒருவன். அவனுக்குப் பெண்பிள்ளைகள்தான். தன் மகளை எகிப்து தேசத்து வேலைக்காரன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தான். வேற்று நாடு, வேற்று ஜனம். ஆனாலும் அந்த மருமகன் பேர் வரிசையில் இருந்தது. யர்கா. அவர்களுக்குப் பிறந்த பிள்ளை, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை என்று எல்லார் பேரும் இருந்தது.

மகள் போன பிறகு வந்த இரண்டு சுற்றிலும் அவர் வாசித்த வரிதான். ஒரு பேரும் விடாமல் வாசித்த வரிதான்.

விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார். பிறகு அந்த வரியைத் திரும்ப வாசித்தார். இந்தத் தடவை குரல் கணீரென்று வரவில்லை.

அதிகாரத்தை முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள்.

“பிள்ளைகளை ஆசீர்வதியும் ஆண்டவரே.”

அவளுக்கு மூச்சு நின்றது.

ஆல்வின் வரவில்லை.

யாருமே வரவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

“கிறிஸ்டில்டா.”

அவள் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அவ மாப்பிள்ளை இசக்கிமுத்து.”

ஏழு வருஷமாக இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேர். எழுத்து எழுத்தாக, நிதானமாகச் சொன்னார்.

அப்புறம் நிறுத்திவிட்டார்.

ஜெபத்துக்கு நடுவில் அவர் யாரிடமும் பேசியதே இல்லை. ஒருநாள் முற்றத்தில் பாம்பு வந்து, தெருவே கூச்சல் போட்டபோதுகூட ஆமென் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

இப்போது கண்ணைத் திறக்காமலே அவள் பக்கம் தலையைச் சாய்த்தார்.

“ஏட்டி, பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கா?”

அடப்பாவி மனுஷா, எல்லாம் தெரியுமா உமக்கு!

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

அவர் ஆமென் சொல்லவில்லை. கூப்பின கையை இறக்காமல் காத்திருந்தார்.